கற்றுக்கொடுக்காததை மாந்திரீகம் என்கிறோம்

எலெக்ட்ரானிக்ஸ் வடிவமைப்பில் இருப்பவர்களிடம் இ.எம்.சி. பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “அது பிளாக் மேஜிக் சார். புத்தகத்துல வராது. லேபுக்குப் போய் அடிபட்டு அடிபட்டுத்தான் கத்துக்கணும்.” புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே இதைக் கேட்டுவிடுகிறார்கள். பத்து வருஷம் கழித்து அவர்களும் தங்களுக்குக் கீழே வருபவர்களிடம் இதையே சொல்கிறார்கள்.

இ.எம்.சி. எனப்படும் மின்காந்த இணக்கம் ஒரு கருவியிடம் இரண்டே விஷயங்களைக் கேட்கிறது. பக்கத்திலுள்ள கருவிகளுக்கு அது தொந்தரவு தரக் கூடாது. மற்றவை தரும் தொந்தரவில் தானும் தடுமாறக் கூடாது. இதைச் சாதிப்பது அனுபவசாலிகளின் கைராசி என்றும், முறையாகப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது என்றும் நம்புவது பெரும் தவறு. அந்த நம்பிக்கையால் நம் பொறியாளர்களுக்கும் தொழிலுக்கும் வருஷக்கணக்கில் நஷ்டம் ஆகிக்கொண்டிருக்கிறது.

முதலில் இதன் வயதைப் பாருங்கள். மேக்ஸ்வெல் தன் மின்காந்தப் புலக் கோட்பாட்டை 1865-இல் வெளியிட்டார். மின்காந்த அலைகள் உண்டு என்பதை ஹெர்ட்ஸ் 1880-களின் கடைசியில் சோதனையில் காட்டினார். வானொலிக்கு வரும் இரைச்சலைக் கட்டுப்படுத்த சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு 1934-இல் அமைந்தது. ஹென்றி ஆட் 1976-லும் கிளேட்டன் பால் 1992-லும் இந்தத் துறைக்கான பாடநூல்களையே எழுதிவிட்டார்கள். 1993-இல் ஹோவர்ட் ஜான்சனும் மார்ட்டின் கிரஹாமும் எழுதிய அதிவேக டிஜிட்டல் வடிவமைப்பு நூலின் துணைத்தலைப்பிலேயே ‘பிளாக் மேஜிக்’ என்ற சொல் இருக்கிறது. உள்ளே புரட்டினால் சூத்திரமும் அளவீடும்தான். மறைத்து வைக்கப்பட்ட வித்தை எதுவும் இங்கே இல்லை.

பிறகு ஏன் மாந்திரீகமாகத் தெரிகிறது? சர்க்யூட் பாடத்தை நாம் பாதியோடு நிறுத்திவிடுவதால்தான். மின்னோட்டம் எங்கிருந்து எங்கே போகிறது என்று மாணவனுக்குச் சொல்லித் தருகிறோம். எந்த வழியாகத் திரும்புகிறது என்று சொல்வதில்லை. ஒரு கிரவுண்ட் குறியைப் போட்டு, ‘அது ஜீரோ வோல்ட், எல்லா இடத்திலும் ஒன்றுதான்’ என்று முடித்துவிடுகிறோம். இ.எம்.சி. சிக்கல்களில் பெரும் பகுதி அந்தக் குறிக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

போர்டில் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள கிரவுண்ட் ட்ராக்கை எடுத்துக்கொள்வோம். அகலம் கால் மில்லிமீட்டர், செம்பின் தடிமன் வழக்கமான 35 மைக்ரான். டி.சி. கணக்கில் அதன் மின்தடை சுமார் 0.02 ஓம். இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு ஏறக்குறைய 10 நானோஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு. 100 மெகாஹெர்ட்ஸில் அது 6 ஓமுக்கு மேல் தடுக்கும், அதாவது முந்நூறு மடங்குக்கும் அதிகம். அங்கே 10 மில்லி ஆம்பியர் ஓடினால், ‘ஜீரோ வோல்ட்’ என்று நாம் நம்பிய இடத்தின் இரு முனைகளுக்கு நடுவே 60 மில்லிவோல்ட் நிற்கும். பிளஸ் டூ இயற்பியல் படித்த எவரும் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

‘என் போர்டில் கிளாக் வெறும் 8 மெகாஹெர்ட்ஸ்தான், எனக்கெதற்கு 100 மெகாஹெர்ட்ஸ் கணக்கு’ என்று கேட்பவர்கள் நிறைய. கிளாக்கின் வேகத்தைவிட முக்கியமானது சிக்னல் ஏறி இறங்கும் வேகம். ஒரு நானோ நொடியில் ஏறும் சிக்னலின் ஆற்றல் ஏறத்தாழ 350 மெகாஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கும். கிளாக் ஒரு மெகாஹெர்ட்ஸாக இருந்தாலும் இதுதான் நிலை. பல வருஷம் நன்றாக ஓடிய ஒரு போர்டு, அதே நம்பர் கொண்ட ஐ.சி.யின் புதிய தயாரிப்பைப் போட்டதும் சோதனையில் விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். புதிய தயாரிப்பு முறையில் டிரான்சிஸ்டர் சிறிதாகிறது, சிக்னல் இன்னும் வேகமாக ஏறுகிறது. காரணம் தெரியாதவருக்கு இது செய்வினை மாதிரி தோன்றும். தெரிந்தவர் நேராக ஆஸிலோஸ்கோப்பை எடுப்பார்.

அனுபவம் மட்டுமே ஆசான் என்பவர்கள் கையளிக்கும் விதிகளையும் பார்க்க வேண்டும். ‘அனலாக் கிரவுண்டையும் டிஜிட்டல் கிரவுண்டையும் வெட்டிப் பிரி’ என்பது அவற்றில் மிகப் பிரபலமானது. குறைந்த அதிர்வெண்ணில் இதற்கு நியாயம் உண்டு. அங்கே திரும்பும் மின்னோட்டம் கிரவுண்ட் பிளேன் எனப்படும் செம்புப் பரப்பு முழுக்கப் பரவி ஓடும். பெரிய மோட்டாரின் மின்னோட்டம் நுண்ணிய சென்சாரின் வழியில் குறுக்கிடாமல் இருக்க, பிரிப்பது உதவலாம். அதிர்வெண் சில நூறு கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் கதை மாறிவிடுகிறது. திரும்பும் மின்னோட்டம் இண்டக்டன்ஸ் குறைந்த வழியைத் தேடி, போகும் ட்ராக்குக்கு நேர் கீழேயே ஒட்டிக்கொண்டு வரும். அந்தப் பிளேனைக் குறுக்கே வெட்டி, வெட்டின் மேல் ஒரு ட்ராக்கை ஓட்டினால் என்ன ஆகும்? கீழே வரவேண்டிய மின்னோட்டத்துக்கு வழி இல்லை. வெட்டைச் சுற்றிக்கொண்டு வரும். சுற்று பெரிதாகும். வெட்டின் இரு பக்கமும் மின்னழுத்த வேறுபாடு எழும். போர்டில் செருகிய கேபிளை அது ஆன்டெனா ஆக்கிவிடும்.

அந்த ஆன்டெனாவுக்கு எவ்வளவு தீனி தேவை தெரியுமா? ஒரு மீட்டர் கேபிளில் 50 மெகாஹெர்ட்ஸில் வெறும் 5 மைக்ரோ ஆம்பியர் ஓடினால் போதும். மூன்று மீட்டர் தள்ளி, மீட்டருக்குச் சுமார் 100 மைக்ரோவோல்ட் புலம் உண்டாகும். வீட்டு உபயோகக் கருவிகளுக்கு அமெரிக்காவின் எஃப்.சி.சி. அந்த அதிர்வெண்ணில் விதித்திருக்கும் உச்சவரம்பே அதுதான். ஒரு சின்ன எல்.இ.டி. எரிய 5 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு வழிதவறினாலே கருவி ஃபெயில். இரைச்சலைக் குறைக்கச் சொன்ன விதியே இரைச்சலைப் பரப்பிவிட்டது. விதியைச் சொன்னவர் அது எந்த அதிர்வெண் வரை செல்லும் என்று சொல்லவில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

இந்த மூடநம்பிக்கை வளரும் இடம் டெஸ்ட் லேப். கருவி ஃபெயிலாகிறது. வாடகை மணிக்கணக்கில் ஏறுகிறது, மேனேஜர் போனில் நெருக்குகிறார். கேபிளில் ஃபெரைட் மாட்டுகிறார்கள், பெட்டியின் இடுக்கில் செம்பு டேப் ஒட்டுகிறார்கள், இரண்டு கெப்பாசிட்டரை மாற்றுகிறார்கள், கிரவுண்டுக்கு ஒரு வயர் இழுக்கிறார்கள். பாஸ். செய்த நான்கில் எது வேலை செய்தது? ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க அங்கே நேரமில்லை. நான்கும் அப்படியே தயாரிப்புக்குள் போய் ஒவ்வொரு பீஸிலும் செலவாக உட்கார்ந்துவிடுகின்றன. அடுத்த புராஜெக்டில் அவையே ‘நம்ம அனுபவம்’ என்ற பெயரில் சட்டமாகின்றன. அனுபவம் என்றால் காரணத்தைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். இங்கே நடப்பது பரிகாரம்.

எதிர்த்தரப்பில் ஒரு வாதத்துக்கு மதிப்பு உண்டு. தேர்ந்த நிபுணர்கூட ஒரு போர்டைப் பார்த்து, லேபில் இத்தனை டெசிபல் வரும் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. கேபிள் கிடக்கும் விதம், பெட்டியின் இடுக்கு, கனெக்டர் என்று எத்தனையோ சேர்ந்துதான் அந்த எண் வருகிறது. அதனால் லேப் கட்டாயம் வேண்டும். ஆனால் இரண்டு லே-அவுட்டை வைத்து எது நல்லது, ஏன் நல்லது என்று சொல்ல லேப் தேவையில்லை. வடிவமைப்பவர் தினமும் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். கடைசி டெசிபலைக் கணிக்க முடியவில்லை என்பதைக் காட்டி, முதல் நாற்பது டெசிபலைப் படிக்காமல் விடுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது.

கல்லூரிகளின் பங்கும் சின்னதல்ல. மின்காந்தப் புலங்கள் கட்டாயப் பாடம். மாணவர்கள் இன்டக்ரல் போட்டுப் பாஸாகிறார்கள். சர்க்யூட் வேறொரு பாடம். இரண்டும் ஒரே போர்டில் சந்திக்கும் இடம்தான் இ.எம்.சி. அதை விருப்பப் பாடமாக ஓரத்தில் வைத்திருக்கிறோம். வசதி இல்லை என்ற சாக்கும் எடுபடாது. சென்னை தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிக்கும் ஜி.ஏ.ஆர்.சி. இருக்கிறது. கற்றுக்கொள்வதற்கு அங்குள்ள பெரிய சோதனை சேம்பர்களும் தேவையில்லை. ஒரே சர்க்யூட்டை இரண்டு போர்டுகளில் செய்யுங்கள். ஒன்றில் கிரவுண்ட் பிளேன் முழுசாக இருக்கட்டும், மற்றதில் ட்ராக்குக்குக் கீழே ஒரு வெட்டு. கோஆக்ஸ் கேபிளின் நுனியை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வளையமாக்கி ஆஸிலோஸ்கோப்பில் மாட்டினால் அதுவே புரோப். வெட்டின் மேல் அதைக் கொண்டுபோய் வையுங்கள். திரையில் அலை எகிறுவதை ஒரு மதியத்தில் வகுப்பே பார்த்துவிடும். அதைப் பார்த்த மாணவன் பிளேனை வெட்டத் தயங்குவான், ஏன் தயங்குகிறேன் என்று சொல்லவும் செய்வான்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. கல்லூரிகள் இ.எம்.சி.யைக் கட்டாயப் பாடமாக்கி, செய்முறையோடு நடத்த வேண்டும். நிறுவனங்கள் அதை லேபுக்குப் போகும் வாரத்திலிருந்து எடுத்து, சர்க்யூட் வரையும் முதல் வாரத்துக்குக் கொண்டுவர வேண்டும். ரிவ்யூவில் ஒவ்வொரு வேகமான சிக்னலுக்கும் ‘இதன் மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்புகிறது?’ என்று கேட்டு, பதில் வரும்வரை கையெழுத்துப் போடக் கூடாது. மூத்தவர்கள் ஒரு விதியைச் சொன்னால் அதன் காரணத்தையும் எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காரணம் சொல்ல முடியாத விதியை, எத்தனை வருஷப் பழக்கமாக இருந்தாலும், சோதித்துப் பார்க்காமல் அடுத்த தலைமுறையின் கையில் கொடுக்கக் கூடாது.