ஒரே வீட்டில் இரண்டு ஜில்லா

அரியலூரில் ரயில் நிற்கிறது. பெரம்பலூரோ ஒரு ஜில்லாவின் தலைநகரமாக இருந்தும் அங்கே ரயில் நிலையம் கிடையாது, பஸ்ஸே கதி. 1995-ல் திருச்சியிலிருந்து பிரித்து இரண்டையும் ஒரே ஜில்லா ஆக்கினார்கள். 2001-ல் அரியலூரைத் தனி ஜில்லா ஆக்கினார்கள். 2002-ல் திரும்பவும் சேர்த்தார்கள். 2007-ல் மறுபடியும் பிரித்தார்கள்.

இந்த விநோதம் இப்போது நம் வீடுகளுக்குள்ளும் நடக்கிறது. கூடத்துக் கம்ப்யூட்டருக்குக் கம்பி வருகிறது, அது அரியலூர். மாடியறை லாப்டாப்புக்கு வைஃபை, அது பெரம்பலூர். ஒன்றில் இருக்கும் தாத்தாவின் புகைப்படம் மற்றொன்றுக்குப் போகவேண்டுமானால் தகப்பனார் என்ன செய்கிறார்? வாட்ஸப்பில் அனுப்புகிறார். படம் ஏதோ ஒரு கம்பெனியின் யந்திரசாலைக்கு யாத்திரை போய், உடல் மெலிந்து, பன்னிரண்டு படி ஏறி மகளிடம் வந்து சேருகிறது. தாத்தாவின் மீசையில் பாதியைக் காணோம்!

2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு இலவச லாப்டாப் வழங்கத் தொடங்கிய பிறகு, எங்கள் பக்கத்தில் அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று கம்ப்யூட்டர் வந்த வீடுகள் உண்டு. அவற்றில் விண்டோஸுடன் 'பாஸ்' என்னும் சுதேசி லினக்ஸும் இருந்தது. இரண்டும் வெவ்வேறு பாஷைக்காரர்கள் ஆயிற்றே என்று தயங்கவேண்டாம். ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர் 1992-ல் இதற்கென்று ஒரு துபாஷியை உண்டாக்கி, உலகத்துக்கு இனாமாகக் கொடுத்துவிட்டார். சாம்பா என்று பெயர். எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துக்களும் வரும் சொல்லை அகராதியில் தேடி வைத்த பெயராம். நடனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கம்பியும் வைஃபையும் ஒரே ரௌட்டரிலிருந்து வந்தால் சாதாரணமாகத் தகராறு இல்லை. மாடிக்கு எட்டவில்லையென்று இரண்டாவது ரௌட்டர் வாங்கி மாட்டுகிறோமே, அங்கேதான் ஜில்லா பிரிகிறது. ஒன்று 192.168.1 என்று விலாசம் கொடுக்கும், மற்றது 192.168.0 என்று தன் ராஜ்யத்தை ஆரம்பித்துவிடும். கூடத்துக் கம்ப்யூட்டருக்கு மாடி லாப்டாப் கண்ணிலேயே படாது. இரண்டாவது ரௌட்டரை 'ஆக்ஸஸ் பாயிண்ட்' முறைக்கு மாற்றிவிட்டால் விலாசம் கொடுக்கும் அதிகாரம் முதல் ரௌட்டரிடமே இருக்கும், ஜில்லாக்கள் ஒன்றாகிவிடும். விருந்தாளிகளுக்கென்று வைத்த வைஃபையில் லாப்டாப்பைச் சேர்த்திருந்தாலும் இதே கஷ்டம்தான். விண்டோஸ், வீட்டு இணைப்பைப் 'பப்ளிக்' என்று எண்ணிக்கொண்டு கதவைச் சாத்தியிருந்தால் 'பிரைவேட்' என்று மாற்றவேண்டும்.

கதவைத் திறப்பதென்றால் வீட்டையே திறந்து போடுவதல்ல. ஒரே ஒரு கோப்புறையைப் பங்கிடுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கட்டும். படிக்க மட்டும் வேண்டியவருக்குத் திருத்தும் உரிமை எதற்கு? 'கடவுச்சொல்லே வேண்டாம்' என்றும், 'எஸ்.எம்.பி. முதல் பதிப்பைத் திறந்துவிடு' என்றும் யோசனை சொல்லும் சிநேகிதர்கள் இருக்கிறார்கள். 2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற கொள்ளை நோய் அந்தப் பழைய கதவின் வழியாகத்தான் நுழைந்து, நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தேசங்களில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள்கூடத் தப்பவில்லை. மகளின் பிளஸ் டூ குறிப்புகளை அப்படிப் பணயம் வைக்கலாமா?

மழைக்காலத்தில் தெருவில் கம்பி அறுந்து இன்டர்நெட் நின்றுபோனாலும், ரௌட்டருக்கு மின்சாரம் இருக்கும் வரையில் வீட்டுக்குள் இந்தப் போக்குவரத்து நடக்கும். பெரிய மூட்டையை மட்டும் ரயிலிலேயே ஏற்றுங்கள்: நூறு மெகாபிட் கம்பியில் ஒரு ஜிகாபைட் போக ஏறக்குறைய ஒன்றரை நிமிஷம், ஆயிரம் மெகாபிட் கம்பியானால் பத்து விநாடி. கல்யாண வீடியோ இருக்கும் வீடுகளில், மாடிக்கும் ஒரு கம்பி இழுத்துவிடுவது நல்லது.