பயிற்றுநர் மொழி

உதைபந்தாட்டப் பயிற்றுநர் கூறும் சொற்களுட் பல மாணவர்க்கு விளங்குவதில்லை. விளங்காமலே தலையசைத்துப் பின்னர்க் களத்திலே தடுமாறி ஏச்சுக்கு ஆளாகின்றனர். குற்றம் சொல்லை விளக்காதவருடையதே என்பது எமது துணிபு. யாப்பிலக்கணம் கற்பிக்கையில் இப்பிழையை யாமும் செய்ததுண்டு.

'கத்தெனாச்சியோ' என்பது இத்தாலிய மொழியிலே கதவின் தாழ்ப்பாள். காப்பாளர் வரிசைக்குப் பின்னே ஒருவன் தனித்து நின்று, தப்பிவரும் பந்தை மறிப்பான். தாழ்ப்பாள் என்றதும் சிறுவனுக்கும் பொருள் புலனாகுமன்றோ?

'பொய் ஒன்பது' சற்றுக் கடினம். 1953 இல் வெம்பிளியிலே ஒன்பதாம் இலக்கம் அணிந்த ஹங்கேரிய வீரர் ஹிடெக்குட்டி, முன்னணியில் நில்லாது பின்வாங்கி ஆடினார். அவரைத் தொடர்ந்து சென்றால் கோல்வாயிலின் முன் வெளி விழும். விட்டால் அவர் தடையின்றி ஆடுவார். இங்கிலாந்துக் காப்பாளர் திகைத்தனர். ஹங்கேரி 6–3 என வென்றது. மூன்று கோல்கள் அவருடையவை. இதனைக் கரும்பலகையில் வரைந்து காட்ட எத்துணை நேரம் செல்லும்?