புது டேப் பழுதானால் மாற்றித் தர வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

வாங்கிய 30 நாளுக்குள் பழுதாகும் டேப்லெட்டுக்கு, "சர்வீஸ் சென்டரில் கொடுங்கள், சரிசெய்து தருவார்கள்" என்று விற்பனையாளர்கள் சொல்லும் பதிலை எங்கள் நுகர்வோர் அமைப்பு ஏற்கவில்லை. புதுப் பொருளுக்கு விலை கொடுத்தவருக்குக் குறையில்லாத புதுப் பொருள் வர வேண்டும், அல்லது கொடுத்த பணம் முழுதாகத் திரும்ப வேண்டும். இரண்டில் எது என்று முடிவுசெய்யும் உரிமை வாங்கியவருக்கே உரியது. பணத்தைப் பெற்றுக்கொண்ட கடையோ இணையதளமோ இதற்கு நேரடியாகப் பொறுப்பேற்க வேண்டும். தயாரிப்பாளரைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கக் கூடாது. மத்திய அரசு இதைத் தெளிவான விதியாக எழுத வேண்டும் என்று கோருகிறோம்.

பள்ளி, கல்லூரி திறக்கும் காலத்தில்தான் எளிய குடும்பங்கள் டேப் வாங்கக் கடைக்குப் போகின்றன. லேப்டாப்புக்கு வசதியில்லாத வீட்டில் நீட் பயிற்சி வகுப்பு, பாடக் காணொளி, கல்லூரி அசைன்மென்ட் எல்லாம் அந்த ஒரு திரையில்தான் நடந்தாக வேண்டும். பதினைந்தாயிரம் ரூபாய் என்பது பல வீடுகளில் ஒரு மாத வருமானம். அந்த டேப் ஒரு மாதம் சர்வீஸ் சென்டர் அலமாரியில் கிடந்தால் பிள்ளையின் ஒரு மாதப் படிப்பு போகிறது. அதற்கு எந்த வாரண்டி அட்டையிலும் ஈடு இல்லை.

எங்களிடம் வந்த ஒரு புகாரை இங்கே சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு நிறுவனங்களோடு நிற்கும் பிரச்சினை இல்லை என்பதால் பெயரைத் தவிர்க்கிறோம். திண்டுக்கல் மாவட்டத்தில் தையல் வேலை செய்யும் ஒரு பெண், பிளஸ் டூ படிக்கும் மகளுக்காகத் தவணையில் டேப் வாங்கினார். இரண்டாம் வாரத்திலேயே திரையின் இடது ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தொடுதிரை வேலை செய்யவில்லை. எதை எழுதினாலும் அந்த இடத்தில் கோடு அறுந்துபோனது. யாரும் தொடாமலே சில நேரம் ஆப் தானாகத் திறந்து மூடியது. கடையில் போய்க் கேட்டால், "ஏழு நாள் தாண்டிடுச்சும்மா, இனிமே கம்பெனி சர்வீஸ்தான்" என்றார்கள். சர்வீஸ் சென்டர் மதுரையில். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனார்.

அங்கே கொடுத்த ஜாப் ஷீட்டை நாங்கள் பார்த்தோம். என்ன பழுது என்ற கட்டத்தில் 'ஜெனரல் செக்கப்' என்று எழுதியிருந்தது. திரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொருளின் நிலை என்ற கட்டத்தில் மட்டும் 'பின்புறம் லேசான கீறல்' என்று கவனமாகக் குறித்திருந்தார்கள். சில நாள் கழித்து, சாஃப்ட்வேர் அப்டேட் செய்யப்பட்டது, பழுது எதுவும் காணப்படவில்லை என்ற சீட்டோடு டேப் திரும்பி வந்தது. மகள் சேர்த்து வைத்திருந்த பாடக் குறிப்புகள் அழிந்திருந்தன. இடது ஓரம் பழையபடியே இருந்தது. மறுபடியும் மதுரை. இந்த முறை, உள்ளே ஈரம் பட்டிருக்கிறது, வாரண்டி செல்லாது, பணம் கட்டினால் போர்டை மாற்றித் தருகிறோம் என்றார்கள். முதல் சீட்டில் இல்லாத ஈரம் இரண்டாம் சீட்டில் எங்கிருந்து வந்தது என்று அந்தப் பெண் கேட்டதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை.

அந்த ஜாப் ஷீட் சாதாரணத் தாள் அல்ல. வழக்கு என்று வந்தால் நுகர்வோர் ஆணையத்தின் முன் வைக்கப்படும் முக்கிய ஆவணம் அதுதான். அதை எழுதுவது நிறுவனத்தின் ஆள். ஆங்கிலத்தில் அச்சான படிவத்தில் அவர் எழுதுவதைப் படித்துப் பார்க்க முடியாமலே கையெழுத்துப் போடுகிறவர்கள் ஏராளம். ஆகவே, வாடிக்கையாளர் சொல்லும் பழுதை அவர் சொன்னபடியே, அவர் விரும்பினால் தமிழிலேயே எழுத வேண்டும். டேப்பை வாங்கும்போதே நாலு பக்கமும் படம் எடுத்து அவர் போனுக்கு அனுப்ப வேண்டும். ஈரம் பட்டது, கீழே விழுந்தது என்று காரணம் சொன்னால் திறந்த நிலையில் எடுத்த படத்தோடு சொல்ல வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. ஏமாற்றும் எண்ணம் இல்லாத நிறுவனம் இதை மறுக்கக் காரணமே இல்லை.

வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தவர்களின் அனுபவம் இதைவிட மோசம். இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு என்று குரல் போகிறது. தமிழுக்கு எண் இருந்தால் அதிர்ஷ்டம். ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுக்கிறார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ரீசெட் செய்து பாருங்கள் என்று மூன்றாவது ஆளும் அதையே சொல்கிறார். கடைசியில், உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று ஒரு எஸ்எம்எஸ் வருகிறது. டேப் எரியவே இல்லை, புகார் மட்டும் மூடப்பட்டுவிட்டது. வாடிக்கையாளரின் ஒப்புதல் இல்லாமல் புகாரை மூடுவதைச் சேவைக் குறைபாடாகவே கருத வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. தமிழ்நாட்டில் தமிழில் விளம்பரம் செய்து விற்கிற நிறுவனம் தமிழில் புகார் கேட்கவும் கடமைப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதை அது நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே வகைப்படுத்துகிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு ஓட்டை இருக்கிறது. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் என்று சொல்கிறது சட்டம். இந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் கடைகள் பில்லின் அடியில் பொடி எழுத்தில் 'ஏழு நாள்' என்று அச்சடிக்கின்றன. நாடாளுமன்றம் கொடுத்த 30 நாளை ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வெட்டிவிடுகிறது. விற்றவர் எதுவும் எழுதாமல் விட்டால் வாங்கியவருக்கு 30 நாள் பாதுகாப்பு. எழுதிவிட்டால் ஏழே நாள். இந்த நிலை நியாயமற்றது. 30 நாள் என்பது குறைந்தபட்ச வரம்பாக இருக்க வேண்டும். பில்லில் அதைவிடக் கூடுதலாக எழுதலாம், குறைத்து எழுத முடியாது என்று சட்டத்தைத் திருத்த வேண்டும். எங்கள் கோரிக்கைகளில் தலையாயது இதுதான்.

இணையத்தில் வாங்கியவர்களின் நிலை ஏட்டளவில் இன்னும் வலுவானது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, பொருள் குறையுள்ளதாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால் விற்பனையாளர் அதைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்க முடியாது. ஏழு நாள், பத்து நாள் என்ற பேச்சே அந்த விதியில் இல்லை. ஒவ்வொரு தளமும் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை நியமித்து அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் காட்ட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். நல்ல விதிகள். ஆனால் அந்த அதிகாரியின் பெயரைத் தளத்தில் தேடிக் கண்டுபிடிக்கவே படித்தவர்கள் திணறுகிறார்கள். விதியை மீறியதற்காக நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்கிறது. யாராவது புகார் கொடுத்தால் பார்ப்போம் என்று காத்திராமல், அந்த ஆணையம் தானாகவே தளங்களைச் சோதிக்க வேண்டும்.

அடுத்தது, பழுது யாரால் வந்தது என்று யார் நிரூபிப்பது என்ற கேள்வி. எங்களைப் பொறுத்தவரை வழக்கின் உயிரே இங்குதான் இருக்கிறது. பழுது தயாரிப்பிலேயே இருந்தது என்று வாங்கியவர்தான் இன்று காட்டியாக வேண்டியிருக்கிறது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பித்தான் தெரியும் என்றால், அதற்கான கட்டணத்தைப் புகார்தாரரே முன்கூட்டிக் கட்டும்படி ஆணையம் கேட்கலாம். பன்னிரண்டாயிரம் ரூபாய் டேப்புக்காக ஆய்வுக்கூடக் கட்டணம் கட்ட யார் துணிவார்கள்? தொடுதிரைக்கு அடியில் இருக்கும் இணைப்புப் பட்டை சரியாக ஒட்டப்படவில்லை என்பது தயாரித்தவருக்குத் தெரியும். தையல்காரருக்கு எப்படித் தெரியும்?

பிரிட்டன் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் இதற்கு வழி கண்டிருக்கிறது. முதல் 30 நாளுக்குள் குறையுள்ள பொருளை நிராகரித்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். அதற்குப் பிறகும் ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், பொருளைக் கொடுக்கும்போதே அந்தக் குறை இருந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் வேலை. ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் காலத்தை ஓராண்டாக வைத்திருக்கிறது. அங்கே இதனால் வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை. அதே நிறுவனங்கள்தான் அங்கும் விற்கின்றன, இங்கும் விற்கின்றன. இந்தியாவில் குறைந்தது முதல் ஆறு மாதத்துக்கு நிரூபிக்கும் சுமை விற்பனையாளர் மேல் இருக்க வேண்டும் என்று கோருகிறோம்.

தவணை விஷயத்தையும் விட முடியாது. டேப் சர்வீஸ் சென்டரில் கிடக்கிறது, நிதி நிறுவனம் மாதம் பிறந்ததும் பணத்தை எடுத்துக்கொள்கிறது. கணக்கில் பணம் இல்லையென்றால் அபராதம், அத்தோடு சிபில் மதிப்பெண்ணும் இறங்குகிறது. கடையிலேயே மேசை போட்டு உட்கார்ந்து அந்தப் பொருளுக்காகவே கடன் கொடுக்கும் நிறுவனம், பொருள் பழுதான பிறகு எனக்குச் சம்பந்தமில்லை என்பதை ஏற்க முடியாது. முதல் 30 நாளுக்குள் பழுதுப் புகார் பதிவாகிவிட்டால், அது தீரும்வரை தவணையை அபராதமில்லாமல் நிறுத்திவைக்க ரிசர்வ் வங்கி வழிசெய்ய வேண்டும்.

எங்கள் நிலைப்பாட்டை எதிர்ப்பவர்களில் ஒரு பகுதியினரின் கவலையை நாங்கள் மதிக்கிறோம். பெரிய இணையதளங்களைச் சொல்லவில்லை. சென்னை ரிச்சி தெருவிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் சிறிய கடை வைத்திருப்பவர்களைச் சொல்கிறோம். ஒரு டேப் விற்றால் அவர்களுக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். பழுதான டேப்பைத் திரும்ப வாங்கினால் விநியோகஸ்தர் அதை எடுத்துக்கொள்ள மாட்டார், நட்டம் கடைக்காரர் தலையில்தான் விழும் என்கிறார்கள். இது உண்மையான பிரச்சினை. ஆனால் இதைத் தீர்க்க வாங்கியவரைப் பலிகொடுக்கக் கூடாது. கடைக்காரர் வாடிக்கையாளருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையைத் தயாரிப்பாளரிடம் 15 நாளுக்குள் பெறும் உரிமையையும் அதே விதியில் சேர்க்க வேண்டும். இந்த இடத்தில் சிறு வியாபாரிகள் சங்கங்களோடு சேர்ந்து நிற்க நாங்கள் தயார். பயன்படுத்திப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே திருப்பிக் கொடுப்பார்கள் என்ற இன்னொரு வாதத்துக்குப் பதில் எளிது: நாங்கள் கேட்பது பழுதான பொருளுக்கு மட்டும். பழுது இருக்கிறதா என்று அங்கேயே போட்டுப் பார்க்கலாம்.

30 நாளைத் தாண்டிய பழுதுக்கு ரிப்பேர்தான் வழி என்பதை ஒப்புக்கொள்கிறோம். அதற்கும் உதிரிபாகம் வேண்டுமே. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை பற்றி 2022இல் குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. மொபைலும் டேப்லெட்டும் அதில் ஒரு பிரிவு. ஆனால் உதிரிபாகத்தை இத்தனை ஆண்டு கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இன்னும் வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் டேப்லெட்டுகளுக்கு அத்தகைய விதி நடைமுறையில் இருக்கிறது.

நுகர்வோர் ஆணையங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்துக்குள், ஆய்வுக்கூடச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்துக்குள் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் ஆண்டுகள் போகின்றன. ஆணையங்களில் காலியிடங்கள் நிரப்பப்படாததை உச்ச நீதிமன்றமே 2021இல் தானாக முன்வந்து விசாரிக்க வேண்டி வந்தது. தலைவரும் உறுப்பினரும் இல்லாத ஆணையத்தில் உரிமை இருந்தென்ன பயன்? ஒருவர் பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்தவரைத் தேர்ந்தெடுத்து வைக்கத் தமிழ்நாடு அரசு முன்வர வேண்டும்.

விதி திருந்தும்வரை வாங்குகிறவர்கள் சும்மா இருக்க வேண்டாம். டெலிவரி ஆள் ஓடிபி கேட்டால், பெட்டியைப் பிரித்து டேப்பை எரியவைத்துப் பார்த்த பிறகே சொல்லுங்கள். பிரிப்பதை வீடியோ எடுங்கள். பழுது தெரிந்த அன்றே கடைக்கும் நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள்; போனில் பேசியது மட்டும் கணக்கில் வராது. ஜாப் ஷீட்டில் உங்கள் பழுது எழுதப்படவில்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. இணையம் வழியாகவும் மனு கொடுக்கலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பழுதான டேப்பை வீட்டில் வைத்துக்கொண்டு மனம் வெறுத்துப் போனவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: வழக்குக்குக் காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை மனு கொடுக்கலாம். பில்லைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.