தாத்தா நாற்காலிக்கு ரெக்சின் வேண்டாம்



எங்க வீட்டில் ஒரு சின்ன நாற்காலி இருக்கிறது. தேக்கு மரம், பிரம்பு பின்னிய இருக்கை. தாத்தா அதில் உட்கார்ந்துதான் தக்காளிக் கணக்கு எழுதுவார். அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது நடுவில் பிரம்பு அறுந்து, பூனை தலை விடும் அளவுக்கு ஓட்டை. போன மாதம் மாமா வந்து, "இதைக் காயலான் கடையில போட்டுட்டு பிளாஸ்டிக் சேர் வாங்குங்க" என்றார். அவ்வா பாதி சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

அதனால் அப்பா குஷன் கடைக்கு எடுத்துப் போனார். நானும் கூடப் போனேன். பைக் சீட்டு, ஆட்டோ சீட்டு எல்லாம் தைக்கிற கடை. "பலகை அடிச்சு, ஸ்பாஞ்ச் வச்சு, மேல ரெக்சின் போட்டுடலாம். சாயந்திரமே தந்துடறேன்" என்றார் கடைக்காரர். எல்லோருக்கும் சம்மதம். நான் மட்டும் வேண்டாம் என்றேன். "ஒன்பதாவது படிக்கிற பொண்ணுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்கள். அதற்குத்தான் இந்தப் பதில்.

இருக்கைச் சட்டத்தைச் சுற்றி வரிசையாக ஓட்டைகள் இருக்கின்றன. நான் எண்ணினேன், 72. பிரம்பு கோக்கப் போட்டவை அவை. அந்த வரிசையில் பலகை வைத்து ஆணி அடித்தால் மரம் பிளக்கும். பிறகு பிரம்பு பின்ன நினைத்தாலும் முடியாது. ஸ்பாஞ்சும் சில வருஷத்தில் அமுங்கிப் பொடியாகிவிடும். ரெக்சினில் காற்று புகாது, சித்திரை வெயிலில் உட்கார்ந்தால் பாவாடை ஒட்டிக்கொள்ளும். மழை, தூசி படுகிற வண்டிக்கு ரெக்சின்தான் சரி, அதை நான் குறை சொல்லவில்லை. கடைக்காரரும் நல்லவர்தான். "பிரம்பு வேலை எனக்குத் தெரியாதும்மா" என்று உண்மையைச் சொன்னார்.

பிரம்பு என்றதும் நமக்கு வேறு ஒன்று ஞாபகம் வரும்! (அடிக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்லிவிட்டது, பயப்படாதீர்கள்.) உண்மையில் அது முள்ளோடு மரத்தில் ஏறுகிற ஒரு வகைப் பனை. மூங்கில் மாதிரி உள்ளே வெற்றாக இருக்காது. மேல்தோலை நாராகச் சீவி, தண்ணீரில் ஊறவைத்துப் பின்னுவார்கள். முதலில் முன்பின்னாக ஒரு வரிசை, அதன்மேல் குறுக்கே ஒன்று, மறுபடி முன்பின்னாக ஒன்று, நாலாவது குறுக்கு வரிசையை மேலும் கீழுமாக நுழைக்க வேண்டும். பிறகு மூலைவாட்டில் இரண்டு. ஆக ஆறு. காய்ந்தால் நார் தானாக இறுகிவிடும்.

இந்த வேலையைக் கண் தெரியாதவர்கள் விரலால் தடவியே செய்வார்கள். நம் நாட்டில் பார்வையற்றோருக்கு இதைப் பயிற்சியாகக் கொடுத்து, அரசு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் வேலைக்கு வைத்தார்கள். இப்போது எங்கே பார்த்தாலும் சுழல் நாற்காலி. பின்ன நாற்காலியே இல்லை என்றால் அந்தக் கைகளுக்கு யார் வேலை கொடுப்பது? நான் ரெக்சின் வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

"பின்ன ஆள் எங்கே?" என்று அப்பா கேட்டது நியாயமான கேள்வி. நம் அம்மாக்களில் எத்தனை பேர் வயர்கூடை பின்னுகிறார்கள்! அந்தக் கைக்கு இது வராதா? நான் பழைய முக்காலிச் சட்டத்தில் கூடை வயரை வைத்துப் பழகுகிறேன். நாலாவது வரிசை வரை வந்துவிட்டது. மூலைவாட்டுதான் கோணல்மாணலாகப் போகிறது, இரண்டு தடவை பிரித்துவிட்டேன்.

ஓசூர், பாகலூர், மாலூர் பக்கம் பிரம்பு பின்னத் தெரிந்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் ஒன்பதாம் வகுப்பில் வந்து சொல்லுங்கள். அதுவரை மாமா வரும்போதெல்லாம் அவ்வா அந்த நாற்காலியை உள் அறைக்கு எடுத்துப் போய்விடுகிறார்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி