பெயரை மாற்றினால் எழுத்துரு நமதாகிவிடுமா?

பதிவு கொஞ்சம் நீளம். ஆசிரியர்களும் பரிசு கொடுக்கும் அமைப்புக்காரர்களும் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள்.

கண்டிப் பக்கம் அண்மையில் ஒரு போட்டி நடந்தது. "சொந்தமாக உருவாக்கிய தமிழ் எழுத்துரு" என்று அதில் ஒரு பிரிவு. நல்ல யோசனை, மாஷா அல்லாஹ். யார் நடத்தியது என்று எழுத மாட்டோம். பெயரைச் சொன்னால் சண்டை பெயரைப் பற்றியதாகிவிடும். முதலாம் பரிசு பெற்ற எழுத்துருவை எங்கள் ஆசிரியர்கள் சிலர் கணனியில் திறந்து பார்த்தோம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒன்று. கொஞ்சம் தடிப்பாக்கி, ஓரங்களை உருட்டி, புதுப் பெயர் சூட்டியிருந்தார்கள். கோப்பின் உள்ளே மூல வடிவமைப்பாளரின் பெயர் அப்படியே கிடந்தது! நடுவர்கள் கோப்பைத் திறக்கவே இல்லை, அச்சடித்த தாளைப் பார்த்துப் பரிசு கொடுத்திருக்கிறார்கள்.

கேட்டதற்கு வந்த பதில்: "இதெல்லாம் யாருக்கு சேர் தெரியப் போகுது?"

தெரியும். இரண்டு எழுத்துருக்களையும் ஒரே அளவில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் போதும். 'ஆ'வின் சுழியும் 'ஞ'வின் வளைவும் ஒன்றில் ஒன்று அடங்கிவிடும். எழுத்துகளுக்கு இடையில் விட்ட வெளியின் எண்கள்கூட ஒன்றாகவே இருக்கும். தற்செயலாக இரண்டு பேர் அப்படி வரைய முடியாது.

"இலவசம்தானே, மாற்ற அனுமதி இருக்கிறதே" என்று ஒரு வாதம். ஆம், இருக்கிறது. திறந்த எழுத்துரு உரிமத்தில் வந்ததை யாரும் எடுத்து மாற்றலாம். ஆனால் மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும், முதலில் செய்தவரின் உரிமைக் குறிப்பை நீக்கக் கூடாது. மாற்றுவதற்கு அனுமதி உண்டு, "நான் பெற்ற பிள்ளை" என்று மேடையில் ஏற்றுவதற்கு அல்ல. ஆங்கில எழுத்துகளை ஒரு திறந்த எழுத்துருவில் இருந்து எடுத்து, தமிழை மட்டும் தானே வரைந்தவர் அதை விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை. மறைப்பதுதான் பிரச்சினை.

அதே போட்டிக்குத் தரம் 10 மாணவி ஒருத்தி சதுரக்கோட்டுக் கொப்பியில் பென்சிலால் வரைந்த எழுத்துகளைக் கொடுத்திருந்தாள். கணனியில் பாதிதான் ஏற்றி முடித்திருந்தாள். "முழுமையில்லை" என்று ஒதுக்கிவிட்டார்கள். அவள் எங்கே திணறினாள் என்று பார்த்தோம். தமிழில் 247 எழுத்து என்று நாங்கள் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். வரைபவருக்குக் கணக்கு வேறு. கா, கெ, கை எல்லாம் துணைக்குறியைச் சேர்த்து ஒப்பேற்றலாம். உகரமும் ஊகாரமும் அப்படி விடாது. கு, சு, து, நூ, மூ என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பும். 18 மெய்க்கும் 36 வடிவங்கள். டி, டீ தனி. அந்தப் பிள்ளை 'ணூ'வை ஏழு முறை அழித்து வரைந்திருந்தாள். ஏழு தடமும் தாளில் இருக்கின்றன. பரிசு யாருக்குப் போயிருக்க வேண்டும்?

இன்னொரு விஷயம், இது எங்கள் வீட்டு விஷயம். எங்கள் வரவு இடாப்பைத் திறந்து பாருங்கள். ஹஸ்னா, ஷாஜஹான், அஸ்ஹர், ஃபர்ஹான். ஜ, ஷ, ஸ, ஹ இல்லாமல் பாதிப் பேரைக் கூப்பிட முடியாது. பல எழுத்துருக்களில் இவை மாற்றாந்தாய்ப் பிள்ளைகள். 'ஹ' பக்கத்து எழுத்தை இடிக்கும், 'ஸ்ரீ' வேறு எங்கோ இருந்து வந்தது போல நிற்கும். அந்த மாணவி முதலில் வரைந்தது 'ஹ'வைத்தான், அவளுடைய பெயரின் முதலெழுத்து அது. தமிழ் ஓசைகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளியும் குறியும் சேர்த்து அரபுத் தமிழ் உண்டாக்கிய சமூகம் நாங்கள். 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை பிறந்த ஊர் இது. எழுத்தை உருவாக்குவது எங்களுக்குப் புதிதா?

"தமிழுக்கு எழுத்துரு இருக்கிறதே, இன்னும் எதற்கு?" என்கிறார்கள். எங்கள் பாடசாலை வினாத்தாள்கள் இன்னும் பாமினியில்தான் ஓடுகின்றன. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணனிக்குள் கிடப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் அந்த ஆங்கிலக் குப்பைதான் வரும். தவணைப் பரீட்சைக்கு முதல் நாள் இரவு அதைப் பார்த்து வியர்க்காத ஆசிரியர் உண்டா? ஒருங்குறியில் புதிதாக வரும் ஒவ்வொரு நல்ல எழுத்துருவும் எங்களுக்குத் தேவை. கட்டுகஸ்தோட்டையில் இருந்து பேராதனை வரை பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே வாருங்கள், எவ்வளவு தேவை என்று புரியும்.

வெளியே கதவுகளும் திறந்திருக்கின்றன. இலத்தீன் அல்லாத எழுத்துகளுக்கென்றே 2008 இல் ஆர்மீனியாவில் தொடங்கிய கிரான்ஷான் போட்டி இருக்கிறது. நியூயோர்க்கின் டைப் டைரக்டர்ஸ் கிளப்பும் எழுத்துருப் போட்டி நடத்துகிறது. நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுக் காசில், எங்கள் பிள்ளைகளுக்குக் கனம்தான். ஆனால் திறமை இல்லை என்று சொல்லாதீர்கள். கூகுள் எழுத்துருக்களில் இருக்கும் 'கவிவனார்', 'பவனம்' இரண்டையும் வடிவமைத்த தாரிக் அஸீஸ் இலங்கையர். பிரியா ரவிச்சந்திரனின் 'கட்டமரன்' ஒன்பது தடிப்புகளில் தமிழும் இலத்தீனும் சேர்ந்த குடும்பம். இவர்கள் யாரும் இன்னொருவரின் வேலைக்குப் பெயர் மாற்றி மேலே வந்தவர்கள் அல்லர். நாளை எங்கள் பிள்ளை ஒருத்தி அப்படிப்பட்ட போட்டிக்குப் போகும்போது இன்றைய பரிசுப் பழக்கத்தோடு போனால் முதல் நாளே பிடிபடுவாள். அவமானம் அவளுக்கு, கற்றுக்கொடுத்தது நாங்கள்.

நடத்துபவர்களிடம் கேட்பது பெரிய காரியமல்ல. பென்சில் வரைபடங்களை இணைக்கச் சொல்லுங்கள். கோப்பைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவரை நடுவர் குழுவில் உட்கார வையுங்கள். முழு எழுத்துருவையும் கேட்காமல் முப்பது எழுத்து கேளுங்கள், அந்த முப்பதும் பிள்ளையின் கையில் இருந்து வரட்டும். எழுத்துரு செய்யும் ஃபொண்ட்ஃபோர்ஜ் மென்பொருள் இலவசம், பாடசாலைக் கணனியிலேயே ஓடும். சனிக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்க நாங்கள் தயார்.

வரைபடம் இணைக்காத எழுத்துரு விண்ணப்பத்தில் இனி எங்கள் கையொப்பம் விழாது. இதை அமைப்பாளர்களுக்குக் கடிதமாகவும் அனுப்பிவிட்டோம், பதில் இன்னும் வரவில்லை.