கட்டிப்போட்ட படகு

வடுகபட்டியில் ஒருத்தர் சொகுசுப் படகு வாங்கப் போவதாகச் சொன்னால் பூண்டுச் சந்தையே சிரிக்கும். சிரித்து முடித்ததும் மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிற ஒரு பெரியவர் கேட்பார்: "சரிப்பா, வாங்கி எங்க கட்டுவ?"

விற்கிறவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். நீளம், குதிரைத் திறன், எத்தனை பேர் படுக்கலாம் என்பதெல்லாம் விளம்பரத்தில் பளபளவென்று இருக்கும். எங்கே கட்டுவது, யாரிடம் அனுமதி வாங்குவது என்பது மட்டும் இருக்காது. அந்தப் பெரியவரை ஒரு அரசாங்கத் துறை பத்து நிமிஷம் உட்கார வைத்துக் கேட்டிருந்தால் மக்கள் பணம் ஒரு கோடி தண்ணீரில் சும்மா மிதந்திருக்காது. ஆமாம், கம்பம் பள்ளத்தாக்கின் அந்தக் கோடியில், தேக்கடியில் நிஜமாகவே நடந்த கதை. அதற்கு முன்னால் படகு என்றால் என்ன செலவு என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

வெளிநாடுகளில் நடுத்தரப் பணக்காரர்கள் ஆசைப்படுவது 'எக்ஸ்பிரஸ் குரூசர்' என்கிற வகை. முப்பதில் இருந்து நாற்பது அடி நீளம், அதாவது நம்ம டவுன் பஸ் அளவு. மேல்மாடி கிடையாது. ஓட்டுகிற இடமும் உட்காருகிற இடமும் திறந்தவெளியில் ஒரே தளத்தில் இருக்கும். முன்பக்கத் தட்டுக்குக் கீழே படுக்கை, சின்னச் சமையலறை, கழிப்பறை. மெதுவாகப் போனால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். வேகம் ஏறினால் உடம்பைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் மேலேயே வழுக்கி ஓடும். ஆறேழு டன் எடையை அப்படித் தூக்கத்தான் இரட்டை என்ஜின். இரண்டு 300 குதிரைத் திறன் பெட்ரோல் என்ஜின் என்றால், சுமாரான வேகத்திலேயே மணிக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும். லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் கொடுக்கிற ஒரு மொபெட்டில் அதே நூறு லிட்டரை ஊற்றினால் கன்னியாகுமரியில் இருந்து காஷ்மீருக்கே போய்விடலாம், மிச்சமும் இருக்கும். இங்கே அது ஒரு மணி நேர உல்லாசம்!

புதிதாக வாங்கினால் சில கோடி. இறக்குமதி வரி தனி. போதாக்குறைக்கு 2025 செப்டம்பரில் வந்த ஜிஎஸ்டி மாற்றத்தில் உல்லாசப் படகுகள் நாற்பது சதவீத வரிக்குள் போய்விட்டன.

அதனால் பழைய படகு வாங்கலாம் என்று ஒரு யோசனை வரும். அதுதான் மாட்டுச் சந்தை வேலை. மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது, சுழி பார்ப்பது, நடக்க விட்டுப் பார்ப்பது மாதிரி இதற்கும் சாஸ்திரம் இருக்கிறது. படகைத் தண்ணீரில் இருந்து வெளியே தூக்கி, அடிப்பாகத்தைச் சின்னச் சுத்தியலால் இஞ்ச் இஞ்சாகத் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். என்ஜின் எண்ணெயை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். கடைசியில் தண்ணீரில் இறக்கி முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். இதற்கென்றே படித்த ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூலிக்கு யோசிக்கிறவர் பின்னால் பல மடங்காகக் கொடுப்பார்.

வாங்கியதோடு முடியுமா? யானையைக் கட்டித் தீனி போடுவது என்று சொல்வோமே, அந்த யானையாவது கட்டி வைத்திருந்தால் துரு பிடிக்காது. படகு சும்மா கிடந்தாலும் தேயும். அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க அதற்கென்று உள்ள பெயின்ட் அடிக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் உலோகம் அரித்துப் போகும். அதைத் தடுக்க துத்தநாகக் கட்டிகளை மாட்டி வைப்பார்கள். என்ஜினுக்குப் பதில் அந்தக் கட்டி கரையும், அது கரைந்ததும் புதுசு மாட்ட வேண்டும். என்ஜினுக்குத் தண்ணீர் இழுக்கிற பம்புக்குள் ஒரு ரப்பர் சக்கரம் இருக்கும், கைக்கடக்கமான சாமான். அது பழசாகிக் கிழிந்தால் என்ஜின் சூடேறிப் போகும். இதெல்லாம் சேர்ந்து விலையில் பத்தில் ஒரு பங்கு வருஷா வருஷம் போகும் என்பது படகுக்காரர்கள் பொதுவாகப் போடுகிற கணக்கு. பத்து வருஷத்தில் இன்னொரு படகு வாங்கின காசு.

இவ்வளவும் பணம் இருந்தால் தீர்ந்துவிடும். பணத்தால் தீராதது கரை. இந்தியாவில் உல்லாசப் படகு நிறுத்த முறையான இடங்களை விரல் விட்டு எண்ணலாம். சென்னைத் துறைமுகத்துக்குள் 1911-ல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, பெரும்பாலும் பாய்மரக்காரர்களுக்கு. வடுகபட்டிக்காரர் குமுளி மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் கொச்சி போல்காட்டித் தீவில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மரினா இருக்கிறது. பக்கத்திலேயே வைகை அணை கடல் மாதிரி கிடக்கிறதே என்று கேட்கலாம். அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடப்பது ஊர்கள். 1950-களில் அணைக்காக வீடு வாசலை விட்டு மேடேறி வந்தவர்களில் கவிஞர் வைரமுத்துவின் குடும்பமும் ஒன்று, அவர்கள் வந்து சேர்ந்த இடம் இதே வடுகபட்டி. அங்கே சொகுசுப் படகு ஓட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பது ஒரு வகையில் நிம்மதி.

இப்போது தேக்கடி.

முல்லைப் பெரியாறு அணை 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்தது. பராமரிப்பு தமிழ்நாட்டிடம். அணையும் ஏரியும் கேரள எல்லைக்குள். சுற்றியுள்ள காடு பெரியார் புலிகள் காப்பகம். தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டத்துக்கு உயிர்த்தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. கசிவு நீரை அளக்க, மதகைப் பார்க்க நம் பொறியாளர்கள் தேக்கடித் துறையில் இருந்து படகில்தான் அணைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் வல்லக்கடவு வழியாகக் காட்டுப் பாதையில் ஜீப், மழைக்காலத்தில் அது பெரும் பாடு. 2014 மே 7 அன்று 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதை ஒட்டிய காலத்தில் நம் பொதுப்பணித் துறை சுமார் ஒரு கோடி ரூபாயில் புதுப் படகு ஒன்று வாங்கியது. பெயர் 'தமிழன்னை'. பெயர் வைப்பதில் நாம் எப்போதும் குறை வைப்பதில்லை :-)

படகு வந்தது, ஓட்ட அனுமதி வரவில்லை. கேரள அதிகாரிகள் சம்மதிக்காததால் வருஷக்கணக்கில் துறையில் கட்டியே கிடந்தது. பொறியாளர்கள் பழைய சின்னப் படகுகளில் போய் வந்தார்கள். பத்திரிகைகளும் சலிக்காமல் எழுதிக்கொண்டே இருந்தன.

கேரளா வேண்டுமென்றே செய்கிறது என்பது தேனிப் பக்கம் டீக்கடை தீர்ப்பு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அணையைப் பராமரிக்கும் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, அங்கே போகிற படகை மறிப்பது வேலைக்காரன் கையைக் கட்டிவிட்டு வேலை நடக்கவில்லை என்று திட்டுவது மாதிரி. பருவமழை நேரத்தில் ஒரு பொறியாளர் அணைக்குப் போய்ச் சேர அரை நாள் தாமதமானால் அது கீழே இருக்கிற இடுக்கிக்காரர்களுக்கும்தான் ஆபத்து. ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஏரியில் யார் அனுமதி வேண்டும் என்பது 2014-ல் புதிதாகத் தெரிந்த சங்கதியா? 1886-ல் 999 வருஷக் குத்தகை எழுதியதில் இருந்து ஒவ்வொரு காகிதத்துக்கும் சண்டை. 1970 ஒப்பந்தத்தில் அந்த ஏரியின் மீன்பிடி உரிமையைக்கூட நாம் கேரளாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம். தண்ணீர் நமக்கு, தண்ணீரின் மேல்பரப்பு அவர்களுக்கு என்ற நிலைமையில், எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு கோடிக்கு ஆர்டர் கொடுத்தது யார் புத்தி? எத்தனை பேர், என்ன நீளம், எவ்வளவு குதிரைத் திறன் இருந்தால் ஒத்துக்கொள்வீர்கள் என்று முதலில் கேட்டு, கையெழுத்து வாங்கி, அந்த அளவுக்குப் படகு செய்யச் சொல்லியிருக்க வேண்டும். மறுத்திருந்தால் அந்த மறுப்புக் கடிதத்தோடு மூவர் கண்காணிப்புக் குழுவிடம் போயிருக்கலாம். கையில் காகிதம் இருந்திருக்கும். படகை வாங்கிவிட்டுப் போய் நின்றதால் கையில் இருந்தது கயிறு மட்டும்தான்.

படகுக்கு அனுமதி என்றாலே வெறும் சிவப்பு நாடா என்று நினைப்பதும் தப்பு. அதே தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 சாயங்காலம், கேரள சுற்றுலாக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அது ஓட்டை உடைசல் இல்லை, புதுப் படகு. கரையில் விலங்குகளைப் பார்க்க ஜனம் ஒரு பக்கமாகச் சாய, மேல் பாரத்தோடு படகும் சாய்ந்தது. உயிர்காக்கும் சட்டை போட்டிருக்கவில்லை. 2023 மே 7 அன்று தானூரில் 22 பேரைப் பறிகொடுத்த படகோ, மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியது. படகின் நிலைத்தன்மையைச் சோதிக்கிறவர், பதிவு கொடுக்கிறவர், ஆளை எண்ணி ஏற்றுகிறவர் எல்லோரும் ஒழுங்காக இருந்தால்தான் அது படகு. 2021-ல் மத்திய அரசு புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் கொண்டுவந்த பிறகும் தானூர் நடந்தது என்பதை மறக்கக் கூடாது.

'தமிழன்னை' கட்டிக் கிடந்த அத்தனை நாளும் அதன் பேட்டரி இறங்கியிருக்கும், டேங்கில் எரிபொருள் கெட்டிருக்கும், அடியில் பாசி ஏறியிருக்கும். அதற்கான செலவை எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்று யாராவது தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், பத்து ரூபாய்தான் கட்டணம்.

வைகை அணையில் மீன் பிடிக்கிறவர்களிடம் பரிசல் இருக்கிறது. மூங்கில் பிளாச்சு, அடியில் தார். வேலை முடிந்ததும் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு கரையேறிவிடுவார்கள்.