ஸ்பெயின் ஒயினும் எவர்சில்வர் டம்ளரும்

"டாக்டர், பிராந்தியை விட்டாச்சு. இப்போ ஒயின் மட்டும்தான். அதுவும் ஸ்பெயின் சரக்கு!"

சந்தோஷமா சொன்னவர் கப்பல்ல வேலை பார்க்கிறவர், லீவுக்கு வந்திருக்கார். தூத்துக்குடியில கிளினிக் வச்சிருந்தா இந்த வசனம் அடிக்கடி காதுல விழும். அதனால இந்த த்ரெட்.

முதல்ல ஒன்னை ஒத்துக்கறேன். ஸ்பெயின் ஒயின்மேல ஆசை வர்றதுல நியாயம் இருக்கு. உலகத்துலயே அதிகப் பரப்புல திராட்சைத் தோட்டம் உள்ள நாடு அது. ரியோஹா பகுதி சிவப்பு ஒயின்ல 'கிரியான்சா'ன்னு லேபிள் ஒட்டணும்னா குறைஞ்சது 2 வருஷம் வச்சிருக்கணும், அதுல 1 வருஷம் ஓக் பீப்பாயில. நாம காத்திருக்க வேண்டியதைத் தயாரிக்கிறவரே காத்திருந்து விக்கிறார். அப்படியும் அந்த ஊர்ல சாதாரண ஆள் சாப்பாட்டோட வாங்கிக் குடிக்கிற விலைதான். இங்கே அந்த மலிவு கிடையாது. இறக்குமதி ஒயினுக்குப் பல வருஷமா 150% வரி போட்டு வந்த நாடு நம்மது. (ஒயின்ஷாப்னு பேர் வச்சுட்டு அங்கே போய் எல்லாரும் குவார்ட்டர் வாங்குற ஊரும் நம்மதுதான்.)

பொரிச்ச சீலா மீனோட அல்பரினோ வெள்ளை ஒயின் பொருந்தும்னு சொன்னா அதுக்கும் நான் சண்டைக்கு வர மாட்டேன். என் பிரச்சினை ருசி இல்லை, 'தினமும்'ங்கிற வார்த்தை.

"ஒயின் லைட்டுதானே?" கணக்கு போட்டுப் பாருங்க. 180 மி.லி. குவார்ட்டர், 42.8% ஆல்கஹால். அதாவது சுமார் 61 கிராம். 750 மி.லி. ஒயின் பாட்டில், 13.5%. சுமார் 80 கிராம். முழு பாட்டில் ஒயின் குவார்ட்டரைவிட அதிகம்!

நம்மாளு வீட்ல ஒயின் கிளாஸ் கிடையாது. எவர்சில்வர் டம்ளர்தான், 250 மி.லி. பிடிக்கும். ராத்திரி ரெண்டு டம்ளர். அது 53 கிராம். 'விட்டாச்சு'ன்னு சொன்ன குவார்ட்டருக்கும் இதுக்கும் 8 கிராம்தான் வித்தியாசம். அவர் கல்லீரல்ல கொழுப்பு ஏன் குறையலைன்னு இப்போ புரியுதா? வீட்டம்மா "குடியை நிறுத்திட்டார் டாக்டர்"னு நிம்மதியா சொன்னப்போ எனக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு.

ஸ்பெயின் சுகாதார அமைச்சகமே ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம், பெண்களுக்கு 10 கிராம்னுதான் குறைந்த அபாய அளவு வச்சிருக்கு. குடிக்காம இருந்தா இன்னும் நல்லதுன்னும் சொல்லுது. நம்ம டம்ளர் ஒன்னே அதைத் தாண்டிடும்.

"ஹார்ட்டுக்கு நல்லதுன்னு படிச்சேனே?" ரெஸ்வெரட்ரால் கதைதானே? ஒரு லிட்டர் சிவப்பு ஒயின்ல அது சில மில்லிகிராம்தான். ஆய்வுகள்ல மாத்திரையா குடுத்தது நூற்றுக்கணக்கான மில்லிகிராம். ஆல்கஹாலைப் புற்றுநோய்க் காரணின்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லயே வகைப்படுத்திடுச்சு. ஸ்பெயின் பாட்டிலுக்கு அதுல விலக்கு கிடையாது.

நம்ம ஊர்ல கிறிஸ்துமஸுக்குச் சாடியில போட்டு வச்ச திராட்சை ஒயினைக் கேக்கோட சின்னக் கிளாஸ்ல குடுப்பாங்க, ஞாபகம் இருக்கா? வருஷத்துக்கு ஒரு தடவை, ரெண்டு மடக்கு. வெளிநாட்டு பாட்டில் கைக்கு வந்தா அந்தக் கிளாஸைத் தேடி எடுங்க. கல்லீரல் நோய் இருக்கிறவங்க, கர்ப்பிணிகள் அதுவும் வேண்டாம். சுகர் மாத்திரை எடுக்கிறவங்க முதல்ல உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

ஒன்னு முக்கியம். பல வருஷமா தினமும் நிறையக் குடிச்சவங்க இதைப் படிச்சுட்டு நாளைக்கே சட்டுனு நிறுத்திடாதீங்க. கை நடுக்கம், குழப்பம், வலிப்புகூட வரலாம். டாக்டரைப் பார்த்து, மருந்தோட நிறுத்துங்க. நம்ம கப்பல்காரருக்கும் அதைத்தான் எழுதிக் குடுத்திருக்கேன். அடுத்த தடவை வரும்போது டம்ளரையும் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன், அளந்து பார்க்க.